பாடுகளில் என் பங்குக்கு முட்டை

அனுப்புநர்:
ச. ராயப்பன், ஒயர்மேன் (ஓய்வு),
லைட்ஹவுஸ் குப்பம் போகிற ரோடு,
பழவேற்காடு.

பெறுநர்:
விடைத்தாள் திருத்துநர் அவர்கள்,
பொதுநிலையினர் இறையியல், விவிலிய அஞ்சல்வழிக் கல்வி,
சென்னை.

பொருள்: திருப்பாடுகள் பாடத்தின் கடைசிக் கேள்விக்குத் தாங்கள் முட்டை போட்டது குறித்து.

ஆண்டவரில் மதிப்பிற்குரிய திருத்துநர் அவர்களின் சமூகத்துக்கு, பழவேற்காடு ராயப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது:

மாதாவின் பரிந்துரையாலும் பிரஷர் மாத்திரையின் தயவாலும் இவ்விடம் அடியேன் சுகம். அவ்விடம் தாங்களும், தங்கள் வலது கையும், அந்தக் கையில் உள்ள சிவப்புப் பேனாவும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். தாங்கள் சாமியாரா, சிஸ்டரா, அல்லது எங்களைப் போன்ற பொதுநிலையினரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. விடைத்தாளின் மூலையில் ஒரு சுழி மட்டும் போடுகிறீர்கள். அது கையெழுத்தா, மத்தி மீனா என்று கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தும் விளங்கவில்லை. எழுத்து உருண்டை உருண்டையாக இருப்பதால் சிஸ்டர் என்றே முடிவு செய்து இனி அப்படியே அழைக்கிறேன். மீசை வைத்தவராக இருந்தால் மன்னித்துக்கொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். நமது கல்வியின் கடைசிப் பாடம் 'ஆண்டவரின் திருப்பாடுகள்', அதாவது அவர் சிலுவை மரணம் வரை பட்ட துன்பங்கள். அதன் கடைசிக் கேள்வி, 'ஆண்டவரின் பாடுகளில் நமக்குள்ள பங்கு என்ன? குழுவாகக் கூடிக் கலந்துரையாடி, குழுவின் கருத்தை எழுதுக' என்பது. நான் எழுதினேன். தாங்கள் முட்டை போட்டீர்கள். பக்கத்தில், 'கேள்வி திருப்பாடுகளைப் பற்றியது, மீன்பிடிப்பைப் பற்றியது அல்ல' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு கேள்வியில் தேறாவிட்டால் சர்டிபிகேட் கிடையாதாம், மறுபடியும் குழுவைக் கூட்டி மறுபடியும் எழுத வேண்டுமாம், விதிமுறைத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. எடுத்த எடுப்பில் கோபமாக எழுதக் கூடாது என்று ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். குடித்தும் ஒன்றும் ஆறவில்லை.

நான் இந்தக் கல்வியில் சேர்ந்ததே என் மனைவி சவுரியம்மா காலமான பிறகுதான். அவள் இருந்தவரை எங்கள் வீட்டில் பேசுகிற வேலை அவளுடையது, கேட்கிற வேலை என்னுடையது. அவள் போனதும் எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. துபாயில் இருக்கிற என் மகள் மஞ்சு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். "சாப்டியா நைனா? மாத்திரை போட்டியா நைனா? எதுலயாவது சேரு நைனா, சும்மா சொவத்தப் பார்த்துகினு குந்திகினு இருக்காதே" என்பாள், அதற்குள் லைன் போய்விடும். அப்போதுதான் பூசையில் சாமியார் தங்கள் கல்வியைப் பற்றி அறிவித்தார். எல்லாரும் காதில் வாங்கிக்கொண்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் மட்டும் சேர்ந்தேன். பேர்தான் ராயப்பன், மீன்காரர் பேதுருவின் பேர், ஆனால் எனக்குப் படகில் காலை வைத்தாலே குமட்டும். சவுரியம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். விவிலியத்தையாவது கரையில் உட்கார்ந்தே படிக்கலாமே என்று பார்த்தேன்.

முதல் பாடத்துக்கு நான் அரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். தாங்கள் 'நன்று. இன்னும் விரிவாக எழுதவும்' என்று போட்டிருந்தீர்கள். சிஸ்டர், என்னைப் பார்த்து இன்னும் பேசு என்று யாரும் சொன்னதே கிடையாது. ஈபி ஆபீசில் 'சுருக்கமா சொல்லுய்யா' என்பார்கள், மஞ்சு 'நைனா லைன் போவப்போவுது, சீக்கிரம்' என்பாள். ஆகையால் தாங்கள் கேட்டபடியே விரிவாக எழுத ஆரம்பித்தேன். செத்து நாலு நாள் கழித்து ஆண்டவர் வந்து எழுப்பின இலாசர் பாடத்துக்கு, சவுரியம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதையும், ஆண்டவர் எங்கள் வீட்டுக்கு மட்டும் நாலு நாள் கழித்துக்கூட வரவில்லை என்பதையும் சேர்த்து எழுதினேன். அதையெல்லாம் அடித்து 'விடைக்குச் சம்பந்தமில்லை' என்று போட்டீர்கள். ஆனால் அடித்ததற்குக் கீழே சின்னதாக 'வருந்துகிறேன்' என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வார்த்தையை நான் மஞ்சுவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். அதற்கடுத்து வந்த பேதுரு பாடத்தில், உயிர்த்த ஆண்டவர் கரையில் மீன் சுட்டுக்கொண்டு சீடர்களைச் சாப்பிடக் கூப்பிட்டாரே, அவருக்கும் தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எழுதினேன். 'புதிய கோணம்! விரிவாக எழுதவும்' என்று ஆச்சரியக்குறியே போட்டீர்கள். அன்றைக்கு நான் கடைக்குப் போய் நெத்திலி வாங்கி வறுத்துச் சாப்பிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்தக் குழுக் கேள்வி வந்து என் உயிரை வாங்கிச்சு. குழுவுக்கு நான் எங்க போவேன்? கோயிலுக்கு வர்ற குடும்பமே கொஞ்சம், அதுல பாதி பேரு வெளியூர்லேர்ந்து வந்து பூசை முடிஞ்சதும் கிளம்பறவங்க. பாட்டுக்குழு ஜோஷ்வாகிட்ட கேட்டேன். நல்ல புள்ளதான், ஆனா கால்ல சக்கரம். "வாட்ஸப்புல குரூப் ஆரம்பிச்சுடலாம் அங்கிள்"னு சொல்லி என் போனை வாங்கி என்னை அட்மின் ஆக்கி, அவனையும் சேர்த்து, கையில குடுத்தான். மறுநாள் காலையில பார்த்தா 'ஜோஷ்வா வெளியேறினார்'னு வந்துது. இப்ப அந்த குரூப்புல நான் மட்டும் கீறேன். தினமும் காலை வணக்கம் போடறேன். யாரும் மறுப்பு சொல்றதில்ல.

சரி, கிறிஸ்தவங்கதான் வரணும்னு கேள்வியில இல்லையே, குழுன்னுதானே போட்டுக்குதுன்னு யோசிச்சு, மீன் அனுப்பற தெர்மாகோல் பெட்டி மூடி ஒண்ணை எடுத்து, ஸ்கெட்ச் பேனாவால பெருசா எழுதி கேட்டுல மாட்டினேன். என்ன எழுதினேன்னு அப்படியே சொல்றேன்: 'பாடுகளில் நமக்குள்ள பங்கு. கலந்துரையாடல். சனிக்கிழமை மாலை. பங்குச் சாமியார் அனுமதியுடன். அனைவரும் வருக. தேநீர் உண்டு.' இதுல என்ன தப்பு இருக்கு, நீங்களே சொல்லுங்க. மெட்ராஸ்ல உக்காந்துகினு படிச்சா ஒரு தப்பும் இல்ல. ஆனா சிஸ்டர், எங்க பழவேற்காடு ஏரியில பாடுன்னா வேற. எந்த எடத்துல யாரு எப்ப எறா வலை கட்டலாம்னு சீட்டு போட்டு முறை எடுக்கறாங்களே, அந்த முறைக்குப் பேருதான் பாடு. பாடு கீறவன் வீட்ல ஒல கொதிக்கும், பாடு இல்லாதவன் பார்த்துகினு நிப்பான். இந்த வருசம் அதுல ஒரு தகராறு வேற ஓடிகினு இருந்துது. நான் காலமெல்லாம் போஸ்ட்டு மேல ஏறி ஒயரைப் பார்த்தவன், தண்ணிப் பக்கம் திரும்பாதவன், எனக்கு அந்த நேரத்துல அது தோணல.

நாலு பேரு வந்தா பெருசுன்னு ஒரு பாக்கெட் பாலு வாங்கி வெச்சேன். சாயந்திரம் பார்த்தா தோணிரேவுலேர்ந்து பைக்கு பைக்கா வராங்க, சுண்ணாம்புக்குளத்துலேர்ந்து ஷேர் ஆட்டோ புடிச்சி வராங்க, லைட்ஹவுஸ் குப்பத்துலேர்ந்து பாடு கீறவன் ஒரு கூட்டம், பாடு இல்லாதவன் ஒரு கூட்டம். வாசல்ல செருப்பு வெக்க எடமில்ல. சவுரியம்மா சாவுக்கு அப்பறம் என் வாசல்ல அவ்ளோ செருப்பை நான் பார்த்ததே இல்ல. எனக்கு பயம்தான், ஆனா உள்ளுக்குள்ள, பொய் சொல்ல மாட்டேன், ஒரே சந்தோசம். பாலுல தண்ணிய ஊத்தறேன், ஊத்தறேன், டீ வெள்ளையாவே இல்ல, யாரும் கவனிக்கல.

பொன்னுரங்கம்னு ஒருத்தரு, பாடு கீறவங்கள்ல பெரிய ஆளு, பனியனும் கைலியுமா வந்து நடு நாற்காலியில உக்காந்துகினு, "இன்னா ஈபி சாரே, பங்குச் சாமி எங்க?"ன்னாரு. அவரு வரமாட்டாரு, அனுமதி மட்டும்தான் குடுத்தாருன்னேன். "பங்கு பிரிக்கிற சாமி வராம பங்கு எப்படிப்பா பேசறது?"ன்னாரு. அப்பதான் சிஸ்டர் இவங்க எந்தப் பாடுன்னு நெனைச்சு வந்துக்கறாங்கன்னு எனக்கு உறைச்சுது. பங்குச் சாமின்னா பங்கு பிரிக்கிறவரு இல்லீங்க, எங்க கோயிலுக்கு உட்பட்ட ஜனங்க எல்லாம் சேர்ந்துதான் பங்கு, அதுக்கு சாமியாரு அவரு, இந்தப் பாடும் ஏரிப் பாடு இல்ல, ஏசுவோட பாடுன்னு வெளக்கினேன். வெளக்காமலே இருந்திருக்கலாம். ஐஸ் கடை சிங்காரம் எழுந்து நின்னுகினு, "ஏசுவுக்கும் பாடு கீதா? இத்தினி நாளு சொல்லவே இல்ல? யாரு எழுதிக் குடுத்தது?"ன்னு கேட்டாரு. பின்னாடிலேர்ந்து ஒருத்தன், "கோயிலுக்குன்னு தனியா ஒரு முறை கேக்கறாங்கப்பா!"ன்னு கத்தினான். "கீறவனுக்கே பத்தல, புதுசா ஒரு ஆளச் சேக்கறீங்களா?"ன்னு இன்னொருத்தன். சிலுவை நட்ட எடம் கல்வாரின்னு நான் சொன்னதை எவனோ ஏரியில ஒரு எடம்னு நெனைச்சு, அந்தப் பக்கம் எங்க தாத்தா காலத்துலேர்ந்து எங்க எடம்னு சண்டைக்கு வந்துட்டான்.

இதுக்குள்ள எவனோ போன் போட்டு, என் வீட்ல பாடு தகராறுன்னு சொல்லி, கார்த்திக்னு ஒரு போலீஸ்காரத் தம்பி வந்து நிக்கறாரு. "யாரு அங்கிள் கூட்டம் கூட்டினது? எதைப் பத்தி?" நான் இறையியல்னேன். "அது எந்தக் கட்சி?"ன்னாரு. நம்ம பாடப் புஸ்தகத்தை எடுத்துக் காட்டினேன். அவரு நேரா அந்த கேள்வியப் படிச்சிட்டு, "பாடுன்னு எழுதிக்குது, பங்குன்னு எழுதிக்குது, கூடிப் பேசுன்னு வேற எழுதிக்குது, அப்பறம் இல்லன்னா எப்படி?"ன்னு புஸ்தகத்தைக் கையில வெச்சிகினாரு. விடைத்தாள் லேட்டா வந்துதுன்னு ரெண்டு மார்க் கொறைச்சீங்களே, புஸ்தகம் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்ததாலதான்.

எனக்கு ஆத்திரம் பொத்துகினு வந்துச்சு. வாழ்க்கையில நான் கத்தினதே இல்ல, அன்னைக்கு ஸ்டூலு மேல ஏறி நின்னு கத்தினேன். "ஏசு பாடு கேக்கலைய்யா! அவர் கேக்காமலே குடுத்தாங்க! சிப்பாய்ங்க சீட்டு போட்டது ஏரிக்கு இல்ல, அவரு சட்டைக்கு!"

மீன் விக்கிற பச்சையம்மா வாசப்படியில காலி அன்னக்கூடையோட நின்னுகினு இருந்துது, அது கேட்டுது: "சட்டைக்கா? ஆளு எங்க பூட்டாரு?"

"மேல சிலுவையில தொங்கிகினு கீறாரு."

"உசுரோடயா?"

"உசுரோடதாம்மா."

"அடப்பாவிங்களா"ன்னு பச்சையம்மா கூடைய கீழ வெச்சுது. பொன்னுரங்கம் என்னைப் பார்த்து, "கூட இருந்தவனுங்க? பன்னெண்டு பேருன்னு சொல்லுவீங்களே, அவனுங்க இன்னா பண்ணானுங்க?"ன்னாரு. ஒருத்தன் காட்டிக் குடுத்தான், மத்தவங்க ஓடிட்டாங்கன்னேன். "பெரியவரு ஒருத்தரு இருப்பாரே, மீன்காரரு?" அவரும்தான், ஆளையே தெரியாதுன்னுட்டாருன்னேன். "அவரு பேரு இன்னா?" எனக்கு வேற வழியில்ல. "ராயப்பர்"னேன். மொத்த வீடும் என்னையே பார்த்துது. அது நான் இல்லீங்கன்னு சொல்லணும்போல ஆயிட்டுது சிஸ்டர். அதையும் சொல்லித் தொலைச்சேன், "தெரியாது"ன்னு சொன்ன அவரு மாதிரியே.

அப்பறம்தான் உண்மையான கலந்துரையாடல் நடந்துது. போலீஸ்காரத் தம்பியும் ஒரு ஓரமா உக்காந்து அந்தத் தண்ணி டீயக் குடிச்சாரு. சீட்டு விழுந்துட்டா மாட்டேன்னு சொல்ல முடியாதுன்னு ஒருத்தரு, முடியாம படுத்துகினு கீறவன் வீட்டுக்கும் ஒரு கூறு மீன் போவணும்னு இன்னொருத்தரு, அதெல்லாம் அந்தக் காலம்னு சிங்காரம், ஒரே ரவுசு. கடைசியில பொன்னுரங்கம்தான், "எல்லாம் கெடக்கட்டும். பாட்டுக்கு எவனாவது ஒத்தையில போவானா? வலைய எவன் புடிக்கறது, கம்ப எவன் ஊனறது? கூட ஆளு போவணும். அந்த மனுசனுக்கு ஒருத்தனும் கூடப் போவல. அதான் அங்க தப்பு"ன்னாரு. "அவரு அம்மா கூடப் போச்சுன்னு ஈபி சாரு சொன்னாரே"ன்னு பச்சையம்மா. "அம்மா போச்சு, சரி. வேற?"ன்னாரு பொன்னுரங்கம்.

அதைத்தான் நான் எழுதினேன். முன்பக்கம் பூராவும் வலை, சீட்டு, முறை என்று குழு சொன்னதையெல்லாம் சொன்னபடியே எழுதினேன், குழுவின் கருத்தைத்தானே கேட்டிருந்தீர்கள். ஆனால் பின்பக்கத்தில் முடிவுரை இருந்தது: 'ஆண்டவர் தம் பாட்டுக்குத் தனியாகப் போனார். அதில் நமக்குள்ள பங்கு, கூடப் போவது.' சிஸ்டர், தாள் திருப்புவதற்கு இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்கிறேன். பின்பக்கத்தில் தங்கள் சிவப்பு மை ஒரு சொட்டுகூட இல்லை.

முட்டை போட்டதைக்கூட நான் தாங்கிக்குவேன். பள்ளிக்கூடத்துல வாங்காத முட்டையா? ஆனா எந்தப் பாடத்துலயும் விடாம போடுவீங்களே, 'விரிவாக எழுதவும்'னு, அது இந்தத் தாள்ல இல்ல. எல்லாப் பக்கத்தையும் தேடிப் பார்த்தேன். ஒரு மனுசன் போதும், இதுக்கு மேல நீ பேசாதேன்னு சொன்ன மாதிரி இருந்துது. தபால்காரர் சகாதேவன் வாசல்ல நின்னுகினு, "இன்னா சார் மூஞ்சி ஒரு மாதிரி கீது, துபாய்ல ஏதாவதா?"ன்னு கேட்டாரு. ஒண்ணுமில்லன்னு கதவச் சாத்திட்டேன். வந்த கூட்டம் அந்த சனிக்கிழமையோட சரி. அவங்க தகராறு வேற எடத்துல பேசி முடிஞ்சிட்டுதாம். வீட்ல இப்ப மறுபடியும் ஃபேன் சத்தம்தான். இந்த நெலமையில மறுபடியும் குழுவக் கூட்டி எழுதுன்னா, நான் யாரக் கூட்டுவேன்? எந்த போர்டைப் பார்த்து எவன் வருவான்?

ஆகையால் தாங்கள் தயவுகூர்ந்து விடைத்தாளின் பின்பக்கத்தைப் படித்து, முட்டையை ரத்து செய்து, உரிய மதிப்பெண் வழங்கி, சர்டிபிகேட்டை உடனே அனுப்பி வைக்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன். சவுரியம்மா போட்டோவுக்குப் பக்கத்தில் ஆணிகூட அடித்து வைத்தாயிற்று. அனுப்பத் தவறினால் தங்களுக்கு மேலே உள்ள ஆயர் அவர்களுக்கு எழுத நேரிடும் என்பதையும் வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். இந்தக் கல்வியும் தபாலும் முடிந்தால் எனக்கொன்றும் நஷ்டமில்லை. நான் யாரையும் நம்பி இல்லை. பழையபடி என் பாட்டுக்கு இருந்துகொள்வேன்.

ஆண்டவருடைய சமாதானமும், மாதாவின் அரவணைப்பும், கண்ணுக்கு நல்ல வெளிச்சமும் தங்களுக்கு என்றும் கிடைப்பதாக.

இப்படிக்கு,
திருச்சபையின் கீழ்ப்படிதலுள்ள, ஆனால் மனம் நொந்த மகன்,
ச. ராயப்பன்

பி.கு.: ஒட்டின கவரைப் பிரிச்சு எழுதறேன், சோத்துப் பருக்கை வெச்சு ஒட்டினதால ஓரம் கிழிஞ்சுட்டுது, மன்னிக்கணும். இப்பத்தான் பச்சையம்மா வந்து கேட்டைத் தட்டிச்சு. "இன்னா ஈபி சாரே, போர்டு இன்னும் மாட்டல? இந்த சனிக்கெழம இல்லியா?" எதுக்கும்மா, தகராறுதான் முடிஞ்சிட்டுதேன்னேன். "அந்தத் தகராறு முடிஞ்சா இன்னா? அந்த சட்டைய எவன் எடுத்துகினு போனான், அந்த மனுசனக் கீழ எறக்கினாங்களா இல்லியா, நீ பாதியிலயே விட்டுட்டியே. பொன்னுரங்கமும் கேக்கறாரு. பாலு நானே வாங்கியாறேன், நீ வெச்ச டீய மனுசன் குடிப்பானா?"ன்னுது. அதனால சிஸ்டர், மேலே எழுதினது எதையும் மனசுல வெச்சுக்காதீங்க. முட்டை அப்படியே இருக்கட்டும். பின்பக்கம் படிக்க வேணாம். சர்டிபிகேட் தயவுசெஞ்சு அனுப்பிடாதீங்க, அந்த ஆணியில காலண்டரை மாட்டிட்டேன். விதிமுறைப்படி மறுபடியும் குழுவைக் கூட்டி மறுபடியும் எழுதறேன், இந்தத் தடவையும் தப்பாத்தான் எழுதுவேன், கவலைப்படாதீங்க. நீங்க ஒண்ணே ஒண்ணு மட்டும் செஞ்சா போதும். அடுத்த தாள்ல எவ்ளோ பெரிய முட்டை போட்டாலும் சரி, அதுக்குப் பக்கத்துல, பழையபடி, 'விரிவாக எழுதவும்'னு போட்டுடுங்க.